நரிட்டாவில் மலை இல்லை!

நரிட்டா என்றால் உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஏர்போர்ட். 'டோக்கியோ' என்று டிக்கெட் கொடுத்து இறக்கிவிட்டு, அங்கிருந்து இன்னும் 60 கிலோமீட்டர் ரயிலில் போகச் சொல்கிறார்களே என்று பயணிகள் முணுமுணுக்கும் ஏர்போர்ட். சாப்பாட்டு ராமன்களுக்கு அது விலாங்கு மீன் ஊர். பக்தர்களுக்குக் கோயில் ஊர். ஜப்பான் அனிமே பார்க்கிற பையன்களுக்கு மட்டும் நரிட்டா ஒரு மலைத்தொடர். போர்க்களம். ராட்சத ரோபோக்கள் மண்ணோடு மண்ணாகப் புதைந்த இடம்.

அந்த அனிமேயின் பெயர் 'கோட் கியாஸ்'. 2006 அக்டோபரில் ஜப்பான் டி.வி.யில் ஆரம்பித்து, 2008-ல் இரண்டாம் பாகத்தோடு முடிந்தது. சன்ரைஸ் ஸ்டூடியோ தயாரிப்பு, கோரோ தனிகுச்சி இயக்கம். பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். சரித்திரத்தில் ஒரு சின்னத் திருகல். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் தோற்றுவிட்டார். பிரிட்டிஷ் ராஜ குடும்பம் பெட்டி படுக்கையோடு அங்கே போய்ச் சேர்ந்து 'பிரிட்டானியா' என்று ஒரு மகா சாம்ராஜ்யம் நடத்துகிறது. அது ஜப்பான் மேல் படையெடுத்துப் பிடித்து, நாட்டின் பெயரையே எடுத்துவிட்டு ஒரு நம்பர் கொடுக்கிறது. ஏரியா 11. ஜனங்களுக்கு 'லெவன்'கள் என்று பெயர். ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே பெயர் போய் எம்ப்ளாயி நம்பர் ஆகிவிடுகிறோமே, அந்த மாதிரி. என்ன, இங்கே சம்பளம் கிடையாது.

இதில் லெலூஷ் என்று ஒரு பையன். அதே பிரிட்டானியா சக்கரவர்த்தியின் பிள்ளை. அப்பாவால் தூக்கி எறியப்பட்டு, பகலில் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டு, மற்ற நேரம் முகமூடி போட்டு 'ஜீரோ' என்ற பெயரில் கலகம் நடத்துகிறான். ஒருத்தர் கண்ணைப் பார்த்து அவன் என்ன உத்தரவு போட்டாலும் நடக்கும். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். (இந்த சக்தி மட்டும் எனக்கு இருந்தால் முதலில் பாங்க் மேனேஜரைத்தான் போய்ப் பார்ப்பேன்.)

நரிட்டா வருவது முதல் பாகத்தின் நடுவில். 'ஜப்பான் விடுதலை முன்னணி' என்கிற போராளிகள் நரிட்டா மலைக்குள் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிட்டானிய இளவரசி கொர்னீலியா சுற்றி வளைக்கிறாள். நம்ம ஜீரோ, சிவப்பு நிற ரோபோவை வைத்து நிலத்தடி நீரைக் கொதிக்கவைத்து, மலையையே சரித்துவிடுகிறான். எதிரி, எதிரியின் எதிரி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமாதி.

போன பயணத்தில் டோக்கியோவில் வந்த வேலை முடிந்து, ராத்திரி நரிட்டாவிலிருந்து ஃப்ளைட். கையில் முழுசாக ஒரு பகல். அக்கா பையனிடமிருந்து வாட்ஸப்பில் உத்தரவு வந்தது. அவன் ஐ.டி. கம்பெனி, ராத்திரி ஷிஃப்ட், பகலில் அனிமே.

"மாமா, நரிட்டா மலையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"மலையே இல்லைடா. ஊரே கடல் மட்டத்திலேர்ந்து ஒரு 40 மீட்டர்தான். பன்னிரண்டு மாடி அபார்ட்மென்ட்டில் மொட்டை மாடிக்குப் போனா அதே உசரம்."

"அப்போ ரோப் கார்? லெலூஷ் உட்கார்ந்து செஸ் ஆடுவானே?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் என்னதான் மாமா இருக்கு?"

கேள்வி நியாயமானது. பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிட்டு இறங்கி நடந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை வளைந்து வளைந்து இறங்கும் கடைத்தெரு. பழைய மரக் கட்டடங்கள். வாசலிலேயே பலகை போட்டு, விலாங்கின் தலையில் ஆணி அடித்து, ஒரே இழுப்பில் வகுந்து கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை பார்த்தால் சாப்பிடத் தோன்றாது. கரி அடுப்பு வாசனை வந்தால் சாப்பிடாமல் இருக்க முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைப் பின்தொடர்ந்தேன். சோற்றின் மேல் இனிப்புச் சாறு தடவிச் சுட்ட மீன். விலை கொஞ்சம் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான்.

வழியெல்லாம் வேர்க்கடலைக் கடைகள் வேறு. ஜப்பானில் வேர்க்கடலை அதிகம் விளைவது இந்த சீபா மாகாணத்தில்தான். வறுத்தது, வேகவைத்தது, சர்க்கரைப் பாகில் போட்டது... அந்தக் கடலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஷின்ஷோஜி கோயிலுக்குள் போனால் நமக்கு ரொம்பத் தெரிந்த வாசனை. பிரம்மாண்டமான மேளத்தை அடிக்க, காவி கட்டின குருமார்கள் உட்கார்ந்து, நடுவில் விறகு அடுக்கித் தீ வளர்க்கிறார்கள். பெயர் 'கோமா'. சந்தேகமே வேண்டாம், நம்ம ஹோமம்தான். சமஸ்கிருத வார்த்தை புத்த மதத்தோடு சீனா வழியாக நடந்து வந்து, கொஞ்சம் தேய்ந்து, இங்கே செட்டிலாகிவிட்டது. கடைசியில் பக்தர்கள் வரிசையாகப் போய் ஹாண்ட்பேக்கைக் கொடுக்கிறார்கள். அதை நெருப்புக்கு நேரே காட்டித் திருப்பிக் கொடுக்கிறார்கள். நானும் என் தோள்பையைக் கொடுத்தேன். உள்ளே பாஸ்போர்ட் இருந்ததால் அந்த அரை நிமிஷம் எனக்கு உண்மையான பக்தி வந்தது.

இந்தக் கோயில் எப்படி வந்தது என்பதுதான் விசேஷம். 939-ல் இந்த கான்டோ சீமையில் தாய்ரா நோ மசகாடோ என்று ஒரு வீரர். சக்கரவர்த்தி வம்சத்தில் ஐந்து தலைமுறை தள்ளிப் பிறந்தவர். பக்கத்து மாகாண அலுவலகங்களை எல்லாம் பிடித்து, கியோட்டோவில் ஒரு சக்கரவர்த்தி இருக்கும்போதே 'நான்தான் புதுச் சக்கரவர்த்தி' என்று அறிவித்துவிட்டார். ராஜ ரத்தம், சொந்த வம்சத்துக்கு எதிராகவே கலகம். லெலூஷின் கொள்ளுத் தாத்தா என்று சொன்னால் நம்பலாம்.

கியோட்டோ சும்மா இருக்குமா? படையை அனுப்பியதோடு ஒரு குருவையும் அனுப்பியது. அவர் ஃபுடோ மியோ தேவதையின் சிலையைப் படகில் கொண்டுவந்து இந்தப் பக்கத்தில் 21 நாள் ஹோமம் நடத்தினார். கடைசி நாள் மசகாடோ போரில் செத்தார். திரும்பப் போகலாம் என்று சிலையைத் தூக்கினால் அது அசையவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டது. இது கோயிலின் ஸ்தலபுராணம். மசகாடோ 940-ல் கொல்லப்பட்டது மட்டும் சரித்திரம்.

ஆக, நரிட்டாவின் முதல் தொழிலே கலகக்காரன் தோற்க வேண்டும் என்று நெருப்பு வளர்த்ததுதான்! தோற்றவரை ஜனங்கள் விடவில்லை. அவர் தலை கியோட்டோவிலிருந்து பறந்து வந்து விழுந்ததாகச் சொல்லும் இடம், இன்று டோக்கியோவின் ஒடெமாச்சியில் பாங்குகளுக்கும் ஆபீஸ்களுக்கும் நடுவே இருக்கிறது. அந்த மண்ணுக்கு மட்டும் எந்த பில்டரும் வாய் திறப்பதில்லை. டோக்கியோவின் கண்டா கோயிலில் அவரே சாமி. கண்டாவுக்குப் போகிறவர்கள் நரிட்டா கோயிலுக்குப் போகக்கூடாது என்று ஒரு வழக்கம். ஆயிரம் வருஷம் ஆகியும் கோபம் தீரவில்லை.

இது பழங்கதை. இன்னொன்று இருக்கிறது. அதற்குத்தான் ரயிலேறினேன்.

ஹிகாஷி-நரிட்டா என்று ஒரு ஸ்டேஷன். 1978-ல் விமான நிலையத்துக்கு இதுதான் ரயில் வாசல். 1991-ல் நேராக டெர்மினலுக்கு அடியிலேயே ரயில் வந்த பிறகு இதைக் கைவிட்டுவிட்டார்கள். ஜப்பானில் இவ்வளவு காலியான ஸ்டேஷனை நான் பார்த்ததில்லை. இங்கிருந்து ஷிபயாமா ரயில்வே. மொத்த நீளம் 2.2 கிலோமீட்டர்! ஏறி உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்வதற்குள் ஊர் வந்துவிடுகிறது. விமான நிலையம் தங்கள் பாதையை மறித்துக்கொண்டு உட்கார்ந்ததற்காக, அந்தப் பக்கத்து ஜனங்களைச் சமாதானப்படுத்த 2002-ல் போட்ட ரயில் இது. எதற்குச் சமாதானம்?

1960-களில் டோக்கியோவுக்குப் புது விமான நிலையம் வேண்டியிருந்தது. முதலில் டொமிசாட்டோ என்ற இடத்தைக் குறித்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்றதும் கைவிட்டார்கள். 1966 ஜூலை 4-ந் தேதி மந்திரிசபை கூடி, பக்கத்திலேயே சன்ரிசூக்கா என்று முடிவு செய்தது. ஏன் அது? அங்கே அரண்மனைக்குச் சொந்தமான பெரிய குதிரைப் பண்ணை இருந்தது. சர்க்கார் நிலம், சுலபமாக வாங்கிவிடலாம். மிச்சத்துக்குச் சுற்றிலும் இருக்கிற விவசாயிகளுக்குக் காசு கொடுத்தால் போச்சு. அந்த விவசாயிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யார் அந்த விவசாயிகள்? பரம்பரைக் குடியானவர்கள் உண்டு. ஆனால் நிறையப் பேர் 1945-க்குப் பிறகு வந்தவர்கள். ஜப்பான் சாம்ராஜ்யமாக இருந்தபோது மஞ்சூரியாவுக்குக் குடியேற அனுப்பப்பட்டு, தோற்றதும் வெறுங்கையோடு திரும்பியவர்கள். இந்தக் காட்டைக் காட்டி, 'வெட்டித் திருத்திப் பிழைத்துக்கொள்' என்று சொன்னதும் அதே சர்க்கார்தான். மூங்கிலையும் வேரையும் மண்வெட்டியால் பறித்து, இருபது வருஷத்தில் கடலையும் சர்க்கரைவள்ளியும் விளைகிற மண்ணாக்கி, அப்பாடா என்று உட்காரும்போது, 'எழுந்திரு, பிளேன் வரப்போகிறது.'

(படிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது ஊர் ஞாபகம் வந்தால் கம்பெனி பொறுப்பல்ல.)

'கோட் கியாஸ்' விஷயத்தில் எனக்குப் பிடித்தது இந்த முரண்தான். பெயரைப் பறித்து நம்பர் கொடுக்கும் சாம்ராஜ்யத்தைக் கற்பனை செய்ய ஜப்பான்காரர்களுக்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருந்திருக்காது. 1940-ல் கொரியாக்காரர்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் அவர்களே. தொடரில் கண்ணாடியை அப்படியே திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். ஏரியா 11 யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஷிபயாமாவில், விமான அறிவியல் மியூசியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மியூசியம். 'வானமும் மண்ணும்' என்று பெயரிலேயே இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2011-ல் திறந்தது. விமான நிலையக் கம்பெனியே தன்னை எதிர்த்தவர்களுக்கும் சேர்த்து வைத்த மியூசியம். கண்ணாடிக்குப் பின்னால் ஹெல்மெட்டுகள், போட்டோக்கள். நான் போனபோது என்னையும் ஒரு தாத்தாவையும் தவிர ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி 'அரிகாதோ'வோடு சரி. மிச்சத்தை செல்போன் மொழிபெயர்த்தது.

விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். தலைவர் இஸ்ஸாகு டொமுரா, விவசாயக் கருவி வியாபாரம் செய்தவர், சிற்பி. கிழவர்களுக்குத் தனி அணி, பெண்களுக்குத் தனி அணி, இளைஞர்களுக்குத் தனி, ஸ்கூல் பசங்களுக்குக்கூட ஒரு அணி! பெண்கள் மரத்தோடு தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். தரைக்கு அடியில் சுரங்கம் தோண்டி உட்கார்ந்தார்கள். ஒரு பி.காம். ஆசாமியாக எனக்குப் பிடித்த ஐடியா இன்னொன்று. நிலத்தைத் துண்டு துண்டாக்கி நாடெங்கும் உள்ள ஆதரவாளர்களுக்கு விற்றுவிட்டார்கள். ஒரு துண்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். வாங்க வருகிற அதிகாரி எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்குவார்? பத்திரப்பதிவையே ஆயுதமாக்கிய போராட்டம் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது.

ரோபோ? ரோபோவும் உண்டு. 1972-ல், ஓடுபாதைக்கு நேராக, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்புக் கோபுரம் கட்டினார்கள். அது நின்றால் விமானம் இறங்க முடியாது. நிஜ நரிட்டாவின் ஒரே ராட்சத யந்திரம் அதுதான். நடக்காது, சுடாது, வெறுமனே நிற்கும். ஐந்து வருஷம் நின்றது. 1977 மே மாதம் அதிகாலையில் வந்து சாய்த்தார்கள்.

1978 மார்ச் 30 திறப்பு விழா என்று நாள் குறித்தாகிவிட்டது. மார்ச் 26-ல் ஒரு கும்பல் சாக்கடை வழியாகவே வந்து வெளிப்பட்டு, கன்ட்ரோல் டவர் உச்சிக்கு ஏறி, கருவிகளைச் சுத்தியலால் அடித்து நொறுக்கியது. அனிமேயில் வந்தால் 'நம்புற மாதிரி இல்லையே' என்போம். திறப்பு விழா மே 20-க்குத் தள்ளிப்போனது.

இதுவரை சொன்னதில் உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் ரத்தம் சூடாகியிருக்கும். சினிமா பார்க்கிற சூடு. மியூசியத்தில் அதைத் தணிக்கிற சுவர் ஒன்று இருக்கிறது. 1971.

அந்த வருஷம்தான் பலவந்தமாக நிலத்தைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 16-ந் தேதி டோஹோ நாற்சந்தியில் நடந்த மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று பேரும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. கனகாவா மாகாணத்திலிருந்து டியூட்டிக்கு அனுப்பப்பட்டவர்கள். யாருடைய நிலத்தையும் பிடுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருக்க மாட்டார்கள். மேலிடத்து உத்தரவு, பஸ் ஏற்றினார்கள், வந்தார்கள். நான்கு நாள் கழித்து ஓகி யோனே என்கிற தனிக்கட்டைக் கிழவியைத் தூக்கி அப்புறப்படுத்திவிட்டு அவர் குடிசையை இடித்தார்கள். அக்டோபர் முதல் தேதி, போராட்டத்தில் இருந்த ஒரு இளம் விவசாயி, விமான நிலையத்தைக் கொண்டுவந்தவர்களைச் சபித்துக் கடிதம் எழுதிவைத்துவிட்டுத் தூக்கு மாட்டிக்கொண்டார்.

தாத்தா அந்தச் சுவர் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கத்துத் தாத்தாவோ. கேட்க எனக்கு மொழியும் இல்லை, தைரியமும் இல்லை.

அனிமே நரிட்டாவில் ஜீரோ சரித்த மலை அடிவாரத்து ஊர் மேலும் விழுகிறது. அதில் ஒருத்தர் சாகிறார். ஷெர்லி என்று, லெலூஷோடு படிக்கிற பெண், அவனைக் காதலிக்கிறவள், அவளுடைய அப்பா. ஜெயித்துவிட்டு வந்தவன் முன்னால் அவள் மழையில் நின்று அழுகிறாள், இவன்தான் ஜீரோ என்று தெரியாமல். கணக்குப் போட்டு மலையைச் சரித்தவன் கணக்கில் இந்தப் பெயர் இல்லை. 50 எபிசோடில் எத்தனையோ ரோபோ சண்டை. என்னைக் கேட்டால் தொடரின் உண்மையான ஆரம்பமே இந்த மழைதான். அதற்கு முன்னால் அது வீடியோ கேம்.

நிஜத்தில் கணக்கு எப்படி முடிந்தது? முடியவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். மூன்று ஓடுபாதை போடத் திட்டம். திறந்தபோது ஒன்றே ஒன்று. 1991-ல் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. பலவந்தம் செய்யமாட்டோம் என்று சர்க்கார் சொல்லி, நிலம் பிடுங்கும் விண்ணப்பத்தை 1993-ல் வாபஸ் வாங்கியது. இரண்டாவது ஓடுபாதை வர 2002 ஆயிற்று. அதுவும் 2,500 மீட்டர் நினைத்து 2,180-ல் நின்றது. நடுவில் தரமாட்டேன் என்ற நிலம். ஜம்போ விமானத்துக்கு அது பற்றாது. கடைசியில் வடக்குப் பக்கமாக நீட்டி 2009-ல்தான் 2,500 ஆக்கினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் உள்பட எல்லாரையும் நுழைவாயிலில் நிறுத்தி அடையாள அட்டை பார்க்கும் வழக்கம் 2015 மார்ச் வரை நடந்தது. 1966-ல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று பற்று வரவு போட்டுப் பார்த்தேன். காகிதம் பற்றவில்லை.

எல்லாரும் கடைசிவரை நிற்கவில்லை. சங்கமே இரண்டாக உடைந்தது. பலர் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வீட்டு லோனுக்கே நாம் எத்தனை இடத்தில் தலையாட்டுகிறோம்! சிலர் நின்றார்கள். 2023 பிப்ரவரியில்கூட, கோர்ட் உத்தரவோடு ராத்திரியில் வந்து ஒரு விவசாயி உழுதுவந்த நிலத்தின் ஒரு பகுதியைக் காலி செய்தார்கள். இதற்கு நடுவே கினோனே என்ற இடத்தில், சுற்றிலும் விமான நிலையம் சூழ, போராட்டக் காலத்து விடுதி ஒன்று நீச்சல் குளத்தோடு இன்னும் இருக்கிறது.

பொழுது சாயப் போகிறது. டாக்ஸிக்காரரிடம் போனில் 'டோஹோ கோயில்' என்று எழுதிக் காட்டினேன். என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கோயில் நரிட்டா ஊருக்குள்ள இருக்கு, பெரிசா இருக்கும்" என்றார்.

"அது பார்த்தாச்சு. இது சின்னக் கோயில்."

"அங்கே ஒண்ணுமே இல்லையே சார்."

"பரவாயில்லை."

இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய வேலி. நடுவே ஒரு கார் போகிற அளவுக்குச் சந்து. கடைசியில் ஒரு கல் வளைவு, ஒரு சிறிய மரக்கோயில், கொஞ்சம் மரம். அந்தக் கிராமத்து ஜனங்களுக்குச் சொந்தமான கோயில். சரியாக இரண்டாவது ஓடுபாதையின் முனையில் நிற்கிறது. கோயில் மரம் விமானத்துக்கு இடைஞ்சல் என்று 2001-ல் வெட்டிவிட்டார்கள். ஜனங்கள் கேஸ் போட்டார்கள். தூரத்தில் ஒரு போலீஸ் வண்டி மெதுவாக வந்து, நின்று, என் தொப்பையையும் தோள்பையையும் பார்த்து இவன் புரட்சிக்காரன் இல்லை என்று தெரிந்துகொண்டு நகர்ந்தது.

உண்டியலில் ஐந்து யென் போட்டேன். கை தட்டிக் கும்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு தட்டு தட்டினேன். சத்தமே கேட்கவில்லை. தலைக்கு மேல், சக்கரத்தில் இருக்கிற எழுத்தைப் படித்துவிடலாம் போல அவ்வளவு தாழ்வாக, ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போன பிறகு மறுபடியும் தட்டினேன். டாக்ஸிக்காரர் மீட்டரை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி, வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.